மலையேறாத வேகம்

2004 அக்டோபரில் இந்திய அரசு அகலக்கற்றைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அதை அகலக்கற்றை என்று சொல்லிக்கொள்ளலாம் என அது வரையறுத்தது. அதே காலத்தில் கடைகளில் விற்ற நல்ல லேப்டாப்புகளுக்குள் இருந்த வைஃபை கார்டு 802.11ஜி தரத்தைச் சேர்ந்தது. அதற்குச் சொல்லப்பட்ட வேகம் நொடிக்கு 54 மெகாபிட். வகுத்துப் பார்த்தால், வீட்டுக்குள் நுழையும் கம்பியின் வேகத்தைப்போல 200 மடங்குக்கும் மேல் தாங்கக்கூடிய கார்டு லேப்டாப்பில் சும்மா இருந்திருக்கிறது. அந்த ஆண்டில் யாராவது பழைய கார்டைக் கழற்றிவிட்டு அதைவிட விரைவான கார்டைப் பொருத்தியிருந்தால் அவருடைய இணைய வேகம் ஒரு கிலோபிட்கூட ஏறியிருக்காது. நூறு அடி அகலச் சாலையை இருநூறு அடியாக விரித்தாலும், ஊருக்குள் வரும் ஒரே வழி ஒற்றையடிப் பாதையாக இருந்தால் வண்டிகள் அந்தப் பாதையின் கணக்கில்தான் வந்து சேரும்.

லேப்டாப்பின் வைஃபை கார்டை மாற்றினால் நெட் வேகமாகுமா என்று இன்றைக்கும் பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, கார்டின் விலை ஓரிரு ஆயிரம் ரூபாய், புது லேப்டாப்பின் விலையோ அதைப்போலப் பல மடங்கு. ஆனால் கார்டை மட்டும் பார்த்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த ஆண்டில் கேட்கிறோம், எந்த ஊரில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இணையம் வந்து சேரும் வழியில் மிகக் குறுகலான இடம் எதுவோ, அதுதான் மொத்த வழியின் வேகத்தையும் தீர்மானிக்கிறது. அந்தக் குறுகலான இடம் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இடம்பெயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பெயரவும் இல்லை. ஆகவே இது வரலாறாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் கருத்து. அப்படிப் பார்ப்பதற்கு நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கொல்லிமலையின் பழைய கதையே வழியின் கதைதான். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது என்பதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. காரி என்ற மன்னன் அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்ததையும் சொல்கின்றன. மேலே வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்கள் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தேவானூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊர்க்கூட்டங்களை அவர்கள் நாடுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவே மேடும் பள்ளமும் சோலையும் இருந்ததால் அந்தப் பிரிவு நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதி மலைமேல் குடியேறினார்கள். அவர்கள் வீட்டுக்கான மரச்சட்டங்களை ஆட்கள்தான் தலைச்சுமையாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1914இல் பிறந்து அந்த மலையில் வளர்ந்த அவர்களுடைய மகன்தான், பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை மருத்துவத்தால் மீட்ட டாக்டர் பால் பிராண்ட். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலில் இறந்தார். மருத்துவம் தெரிந்தவர் மலைமேலேயே இருந்தும், அன்று மேலே எட்டாத பொருள்கள் எத்தனையோ. நோயாளியைக் கீழே இறக்க டோலி, மேலே ஏற மட்டக்குதிரை, மற்றபடி நடைதான்.

பிறகு சாலை வந்தது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் காரும், பலாவும் வாழையும் மிளகும் ஏற்றி இறங்கும் பழைய வேனும் அந்த வளைவுகளில் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் போக முடியும். எஞ்சினைப் பெரிதாக்கியவர் நேர்ச்சாலையில் முந்துவார். எழுபதாவது வளைவை முடித்துச் சோளக்காட்டுக்கு வரும்போது அவருக்கு மிஞ்சும் லாபம் சில நிமிடங்கள். மலைக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகத்தை வண்டியில் தேடக் கூடாது, வழியில் தேட வேண்டும் என்பது அவர்களின் அன்றாட அறிவு. இணையம் என்றதும் நாம் எல்லோரும் அந்த அறிவை மறந்துவிட்டு வண்டியின் எஞ்சினைத் திறந்து பார்க்கிறோம்.

கார்டின் வரலாறு சுருக்கமானது. கம்பியில்லா வலைப்பின்னலுக்கான 802.11 தரம் 1997இல் வந்தது. 1999இல் வந்த 802.11பி நொடிக்கு 11 மெகாபிட் தந்தது. 2003இல் இன்டெல் நிறுவனம் சென்ட்ரினோ என்ற பெயரில் செயலியையும் வைஃபை கார்டையும் சேர்த்தே லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு விற்கத் தொடங்கிய பின்தான், தனியாக வாங்கிப் பக்கவாட்டில் செருகும் பொருளாக இருந்த கார்டு லேப்டாப்பின் உள்ளுறுப்பாக மாறியது. 2009இல் 802.11என், 2013இல் ஏசி, அதன் பின் வைஃபை 6 என்று தரங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொரு முறையும் பெட்டியின்மேல் அச்சிட்ட எண் பெரிதானது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளிப்புறத்திலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற விதி 2005 ஜனவரியில் வந்தது. 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018இல்தான் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. அதே காலத்தில் அரசின் அகலக்கற்றை வரையறை எப்படி நகர்ந்தது என்று பார்த்தால்தான் ஒப்பீடு புரியும். 256 கிலோபிட் என்பது பிறகு 512 கிலோபிட் ஆனது. 2 மெகாபிட் ஆனது 2023இல். கார்டுகள் 11இலிருந்து ஆயிரங்களுக்குத் தாவிய காலத்தில், இணைப்புக்கு அரசு வகுத்த தாழ்ந்த வரம்பு எட்டு மடங்குதான் ஏறியது.

குறுகலான இடம் கார்டில் இல்லை என்பதைத் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய டெநெட் குழுவும் 1990களில் உருவாக்கிய கார்டெக்ட், தொலைபேசியையும் இணையத்தையும் கம்பியில்லாமல் கிராமத்து வீடுவரை கொண்டுபோகும் அமைப்பு. நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் தந்தது, அவ்வளவுதான். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001 வாக்கில் அந்த அமைப்பை நம்பித்தான் கிராம இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. அதன் எண்களை இன்று படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் குழு சரியான இடத்தில் கைவைத்தது. மையத்தில் இருந்த கணினியை வேகமாக்குவது அவர்கள் நோக்கமாக இல்லை. கோபுரத்திலிருந்து கிராமத்துக்கு வரும் கடைசித் தூரத்தில் உழைப்பைக் கொட்டினார்கள். கோபுரமும் வீட்டுக் கூரைமேல் நிற்கும் ஏரியலும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் நிபந்தனை. மேலூரின் சமவெளியில் அது நடந்தது. மேட்டுக்குப் பின்னால் மேடு ஒளிந்துகொள்ளும் கொல்லிமலை போன்ற நிலத்தில் ஒரு கோபுரத்தை வைத்து அதை நடத்த முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அதே தமிழ்நாட்டில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனை சாதாரண வைஃபை கார்டுகளைக் கொண்டே பல கிலோமீட்டர் தூரத்துக் கிராமக் கண் மையங்களை இணைத்ததே, கார்டால் முடியாது என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு அரவிந்துடன் சேர்ந்து 2000களின் நடுவில் செய்த வேலை அது. கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளியில் பார்த்துப் பேசினார். ஆனால் அங்கே வேகம் எதனால் வந்தது என்று ஆராய்ந்தால் என் வாதமே வலுப்படுகிறது. கார்டு கடையில் கிடைத்த அதே கார்டுதான். திசை பார்த்துப் பாயும் பெரிய ஏரியலை உயரமான கம்பத்தில் ஏற்றியது முதல் மாற்றம். இரண்டாவது மாற்றம் மென்பொருளில். சாதாரண வைஃபையில் ஒரு பொட்டலம் அனுப்பியதும் ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்காகக் கார்டு மிகச் சிறிது நேரம் காத்திருக்கும். வீட்டுக்குள் அந்தக் காத்திருப்பு போதும். பல கிலோமீட்டர் தாண்டிப் பதில் வருவதற்குள் நேரம் முடிந்துபோக, பொட்டலம் தொலைந்ததென்று எண்ணிக் கார்டு திரும்பத் திரும்ப அனுப்பும். அதோடு ஒரு முனை பேசுவது மறுமுனைக்குச் சரியாகக் கேட்காததால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும். பெர்க்லி குழு இந்த முறையை எடுத்துவிட்டு, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மாற்றியது. 2007இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுப்படி, வழக்கமான வைஃபை அதே இணைப்பில் தரக்கூடிய சிறந்த வேகத்தைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு கிடைத்தது. கார்டு மாறாமலே ஐந்து மடங்குவரை! குறுகலான இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது.

இனி லேப்டாப்பின் பக்கம் வருவோம். 2011 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனத்தின் வழியாக அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. ஓர் அரசு தன் பிள்ளைகளுக்குச் செய்த மிகப் பெரிய கணினிக் கொடைகளில் ஒன்று என்று இதைச் சொல்லலாம். அதன் பெருமையைக் குறைக்க எனக்கு எண்ணமில்லை. மலையிலும் சமவெளியிலும் ஒரே மாதிரி மடிக்கணினி, உள்ளே ஒரே மாதிரி வைஃபை கார்டு. ஆனால் கார்டு பேசுவதற்கு எதிர்முனையில் ஒரு ரூட்டர் வேண்டும், ரூட்டருக்குப் பின்னால் ஒரு கம்பி வேண்டும், கம்பிக்குப் பின்னால் கொள்ளளவு வேண்டும். திட்டம் மடிக்கணினியைத் தந்தது, இணைப்பைத் தரவில்லை. நகரத்துப் பிள்ளைக்குக் கம்பி எப்படியோ கிடைத்தது. மலைப் பிள்ளைக்குக் கிடைத்தது செல்போன் ஹாட்ஸ்பாட், அதுவும் சிக்னல் விழும் இடத்தில் மட்டும்.

கொரோனா காலம் இந்த வேறுபாட்டை மறைக்க முடியாமல் செய்துவிட்டது. 2020இலும் 2021இலும் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, நாமக்கல் மாவட்டத்தில் மாணவர்கள் ஆன்லைன் வகுப்புக்காக ஆலமரத்தில் ஏறி உட்கார்ந்த படங்கள் செய்திகளில் வந்தன. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டாவை அரசு இலவசமாகத் தந்தது. நல்ல எண்ணத்தில் செய்த உதவி. இருந்தும், மரத்தில் ஏறியவருக்குக் குறைந்தது டேட்டா இல்லை, சிக்னல். டவரின் அலை மேட்டைத் துளைத்து வராது. பார்வைக்கு எட்டிய வரையில்தான் நன்றாக வரும். மரத்தின்மேல் ஏறும்போது கையிலிருக்கும் கருவி மாறுவதில்லை, அது நிற்கும் இடம்தான் மாறுகிறது. தேனியில் பெர்க்லி குழு ஏரியலைக் கம்பத்தில் ஏற்றியதும் நாமக்கல்லில் ஒரு மாணவர் போனைக் கிளைக்குக் கொண்டுபோனதும் ஒரே பொறியியல்தான்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. கார்டை மாற்றியவர்கள் பலர், மாற்றியதும் வேகம் கூடியது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருபது வீட்டு ரூட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு பேசும்போது பழைய கார்டு மூச்சுத் திணறும். 5 கிகாஹெர்ட்ஸில் பேசத் தெரிந்த புதுக் கார்டு அந்தக் கூட்டத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. வேகம் கண்கூடாக ஏறுகிறது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழுதாக இருந்தாலும், ஏரியல் கம்பி கழன்றிருந்தாலும் புதுக் கார்டைப் பொருத்தும்போதே அந்தக் கோளாறும் சரியாகிவிடும். ஆக அந்த வீட்டில் அந்த ஆண்டில் குறுகலான இடம் கார்டாகவே இருந்திருக்கிறது. ஆனால் அவருடைய அனுபவத்தைக் கொல்லிமலைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. பக்கத்து வீட்டு ரூட்டரின் தொல்லை நகரத்து அளவுக்கு வர வாய்ப்பில்லை. டவரிலிருந்து போனுக்கு நொடிக்கு 3 மெகாபிட் வந்தால், போனிலிருந்து லேப்டாப்புக்கு 72 மெகாபிட் போகும் பழைய ஒற்றை ஏரியல் கார்டே இருபத்துநான்கு மடங்கு அகலமான வழி. அதை ஆயிரமாக்கினாலும் 3 மெகாபிட் 3 மெகாபிட்தான். இன்னும் ஒன்று: புதுக் கார்டு விரும்பும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் துளைப்பதில் 2.4ஐவிட வலுக்குறைந்தது. கனத்த சுவருக்கு அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டு இந்தப் பக்கம் லேப்டாப்பில் உட்காருபவருக்குப் புது அலைவரிசையைவிடப் பழையதே நன்றாக எட்டக்கூடும்.

அப்படியானால் கார்டுக்கு ஒருநாளும் முறை வராதா? வரும், ஃபைபர் வந்த வீடுகளில் ஏற்கனவே வந்துவிட்டது. 2011இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசியக் கண்ணாடியிழை வலைப்பின்னல் திட்டம், பின்னாளில் பாரத்நெட் ஆனது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் நொடிக்கு 100 மெகாபிட் என்பது அதன் தொடக்க இலக்கு. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு டான்ஃபிநெட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மாநில நிறுவனத்திடம் இருக்கிறது. கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் அடங்கும். ஒரு வீட்டுக்கு உண்மையாகவே 100 மெகாபிட் வந்து சேரும் நாளில் கணக்கு தலைகீழாகும். 72 என்று எழுதிய பழைய கார்டு நடைமுறையில் ஏறக்குறைய அதில் பாதியைத்தான் தரும். அந்தப் பழைய வைஃபையில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேச்சுக்கு நடுவே காத்திருப்பும் உறுதிச் செய்திகளும் நேரத்தைத் தின்றுவிடும். அந்த வீட்டில் பாதிக்கு மேல் வேகத்தைக் கார்டே விழுங்கும். அங்கே கார்டை மாற்றுவது வீண்செலவில்லை; அவசியம். விலையில்லா மடிக்கணினியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதன் ஆயுளை நீட்டும் மலிவான வழியும் அதுதான்.

மாற்ற முடிவு செய்தவர் கவனிக்க வேண்டியவை உண்டு. பழைய லேப்டாப்புகளில் கார்டு பொருத்தும் இடம் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வடிவம். பிறகு வந்தவற்றில் எம்.2 வடிவம், ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. சில தயாரிப்பாளர்கள் தாங்கள் அனுமதித்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி, லேப்டாப்பைத் தொடங்கவைக்கும் பயாஸ் மென்பொருளில் பூட்டு வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட லேப்டாப்பில் புதுக் கார்டைப் பொருத்தினால் தொடங்கவே மறுக்கும். இன்டெல்லின் சில கார்டுகள் அந்நிறுவனத்தின் குறிப்பிட்ட செயலிகளோடு மட்டுமே வேலை செய்யும். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் கார்டு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கழற்ற முடியாது. திரையின் ஓரமாக ஓடிவரும் ஏரியல் கம்பி ஒன்றுதான் இருக்கிறதென்றால் இரண்டு ஏரியல் கார்டின் முழுப் பலன் கிடைக்காது. ரூட்டர் பழையதாக இருந்தால் புதுக் கார்டும் அதன் பழைய மொழியில்தான் பேச வேண்டியிருக்கும்.

பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை போதும். ரூட்டர் இருக்கும் வீட்டில் லேன் கேபிளை லேப்டாப்பில் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு கேபிளை எடுத்துவிட்டு வைஃபையில் அளந்து பாருங்கள். ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் மலை வீட்டில், போனை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்போடு இணைத்து நெட்டைப் பகிர்ந்து ஒருமுறை, வைஃபை ஹாட்ஸ்பாட்டில் ஒருமுறை. கேபிள் வழியில் கார்டுக்கு வேலையே இல்லை. கேபிளில் வரும் எண் பெரிதாகவும் வைஃபையில் வரும் எண் சிறிதாகவும் இருந்தால், ஏரியல் கம்பியையும் டிரைவரையும் பார்த்துவிட்டுக் கார்டை மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால் கார்டில் குற்றமில்லை. அந்த எண்ணை ஒரு தாளில் தேதியோடும் ஊர்ப் பெயரோடும் எழுதி வையுங்கள். அடுத்த கிராமசபை கூடும்போது, கொல்லிமலையின் 14 ஊராட்சிகளிலும் அந்தத் தாளை நீட்டி, எங்கள் ஊருக்கு ஃபைபர் எப்போது வரும், டவர் எந்த மேட்டில் நிற்கும் என்று கேட்டுத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.